நாவல்களில் சந்தித்த இரண்டு லேவாதேவிக்காரர்கள்

பத்தாண்டுகளுக்கு முன்பு பதவி உயர்வோடு சேர்ந்து வந்த பணிமாறுதல் ஆணையில், பீகார் மாநிலம் பூர்ணியா மாவட்டத்திலுள்ள ஒரு கிராமப்புறக் கிளையின் பெயர் இருந்தது. மனைவிக்குத் திருச்சியில் வேலை. மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். தனியாகத்தான் புறப்பட வேண்டியிருந்தது. பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் மனைவி அடுக்கி வைத்திருந்ததை, அங்கு போய்த் திறந்தபோதுதான் பார்த்தேன்.

வங்கி வாடிக்கையாளர்கள் எங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மட்டுமே அறிவார்கள். மாலையில் ரொக்கக் கணக்கு நேர்பட்டு, பெட்டகம் பூட்டப்பட்ட பிறகு அந்த மனிதர் எங்கே போகிறார் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் போனது ஓர் ஒற்றை அறைக்கு. இந்தி அரைகுறை, உள்ளூர் மைதிலிப் பேச்சு சுத்தமாகப் புரியாது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பதற்குக் கணக்கில்லை. தொலைபேசியில் மகள் பேசும் இரண்டு நிமிடங்களுக்காக மொட்டை மாடியின் ஒரு குறிப்பிட்ட மூலையில் நிற்க வேண்டும். அங்கேதான் சமிக்ஞை கிடைக்கும்.

அந்த நாட்களில் நான் படித்தது தப்பித்துக்கொள்வதற்காக மட்டுமே. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய அந்தக் கதையில், ஆடிப் பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மீது குதிரையில் வரும்போது நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வெளியே கோசி ஆறு கரை ததும்பிக்கொண்டிருக்கும். உள்ளே கையடக்க விளக்கின் வெளிச்சத்தில் காவிரிப் புதுவெள்ளம் ஓடும். பகலில் ஒருவர் என்னிடம் எவ்வளவு உரக்கப் பேசியிருந்தாலும், இரவு எட்டு மணிக்கு நான் சோழ நாட்டில் இருப்பேன். ஐந்து பாகங்களையும் இரண்டு முறை முடித்தேன். வணிகவியல் படித்தவன் நாவலில் மூழ்கினால் அதில் என்ன வரவு என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த ஆண்டில் நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கத் தொடங்கவில்லை என்பதை வரவாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பகல் என்று ஒன்று இருந்தது. என் பொறுப்பில் வேளாண் கடன்கள் இருந்தன. கிசான் கிரெடிட் கார்டில் அறுபதாயிரம் ரூபாய் பெற்றிருந்த ஒரு சிறு விவசாயியின் கணக்கு தவணை தாண்டி நின்றது. வயலைப் பார்வையிடச் சென்றபோது மக்காச்சோளம் பாதி நிலத்தில்தான் விதைக்கப்பட்டிருந்தது. பணத்தின் பெரும்பகுதி மகள் திருமணத்துக்குப் போய்விட்டதென்று பக்கத்து வயல்காரர் சொன்னார். இந்த வகைக் கடனில் வீட்டுச் செலவுகளுக்கென்று வரம்பில் 10 சதவீதம் வரை ஒதுக்கீடு உண்டு. இவர் செலவிட்டதோ அதைப்போல் பல மடங்கு. அதன்பின் என் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டால் அவர் கரும்புத் தோட்டத்துப் பக்கமாக இறங்கி மறைவதை நானே இருமுறை பார்த்தேன். கோப்பில் என் கையாலேயே எழுதினேன்: 'கடன் தொகை நோக்கத்துக்குப் புறம்பாகச் செலவிடப்பட்டுள்ளது. ஒத்துழைக்காதவர்.' எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தீபாவளி விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'வனவாசி' கிடைத்தது. வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'ஆரண்யக்' நாவலின் தமிழாக்கம் அது. வங்கத்தில் 1939இல் நூலாக வந்தது. தலைப்பைப் பார்த்து, இன்னுமொரு தப்பியோடலுக்கு ஏற்ற காடு என்றே வாங்கினேன். திரும்பும் ரயிலில் பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கல்கத்தாவில் வேலையின்றித் தவித்த சத்யசரண் என்னும் இளைஞன், ஒரு ஜமீன் நிலத்தின் மேலாளராகக் காட்டுக்கு அனுப்பப்படுகிறான். அந்தக் காடு இருப்பது பாகல்பூர், பூர்ணியா வட்டாரத்தில். நான் எங்கிருந்து ஓடி வந்தேனோ, புத்தகம் என்னை அங்கேயே இறக்கிவிட்டது.

விபூதிபூஷண் தாமே 1920களில் பாகல்பூர்ப் பக்கம் ஒரு ஜமீனில் உதவி மேலாளராக வேலை பார்த்தவர். ஆகவே அந்த இளைஞனின் தனிமை ஊகித்து எழுதப்பட்டதன்று. பேச ஆளில்லை, படிக்க நூலில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று முதலில் துடிக்கிறான். பிறகு மெல்ல மெல்லக் காட்டின் மீதும், உப்புக்கும் வழியில்லாத அதன் மனிதர்கள் மீதும் பித்தாகிறான். ஆனால் அவன் பார்க்க வந்த வேலையோ, அந்தக் காட்டைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு அழிப்பது. வேலையை அவன் ஒழுங்காகவே செய்து முடிக்கிறான். அதுதான் நாவலின் துயரம். கடமையைச் செவ்வனே செய்துவிட்டுக் குற்றவுணர்வோடு நிற்கும் அலுவலனை அதற்குமுன் நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

அந்த நாவலில் தாவுதால் சாஹு என்றொரு லேவாதேவிக்காரர் வருகிறார். இலட்சக்கணக்கில் பணம் புழங்கும் மகாஜன். ஆனால் அழுக்கு வேட்டி முனையில் சத்து மாவைப் பிசைந்து, சாலையோர மரத்தடியில் உண்டுவிட்டுப் போகிறவர். யார் வந்து கேட்டாலும் கொடுப்பார். வழக்குப் போட மாட்டார். காலாவதியான கடன் பத்திரங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்து கிழித்துப் போடுகிறார். இந்த இடத்தைப் படித்தபோது என்னுள் இருந்த வங்கி அலுவலன் பதறிப்போனான். மூன்றாண்டு முடிவதற்குள் கடன் ஒப்புகைக் கடிதம் வாங்கவில்லையென்றால் எங்களுக்கு உறக்கம் வராது!

ஒருமுறை சத்யசரணே ஜமீனின் அவசரத் தேவைக்காக அவரிடம் கைநீட்ட நேர்கிறது. பணம் கொடுத்த பிறகு அந்த மனிதர் கச்சேரிப் பக்கமே தலைகாட்டுவதில்லை. காரணம் பிறகுதான் தெரிகிறது: தம்மைக் கண்டால், பணத்தைக் கேட்க வந்திருக்கிறார் என்று கடன் வாங்கியவர் சங்கடப்படுவாரே என்று எண்ணி ஒதுங்கியிருக்கிறார்.

புத்தகத்தை மூடி வைத்தேன். அங்கே கடன் கொடுத்தவர், வாங்கியவரின் மானத்துக்காக வழி விலகுகிறார். இங்கே கடன் வாங்கியவர் என் மோட்டார் சைக்கிள் ஒலிக்காக வழி விலகிக் கரும்புக்குள் இறங்குகிறார். தாவுதால் சாஹுவைப் போல ஒரு வங்கியை நடத்த முடியாது. ஓராண்டில் இழுத்து மூடிவிடுவார்கள். வைப்புத்தொகையாளரின் பணத்தை வாரி இறைக்க எனக்கு உரிமையுமில்லை. அதெல்லாம் சரிதான். ஆனால் அந்த விவசாயி ஏன் ஒளிகிறார் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லையே என்ற எண்ணம் கதிகார் நிலையத்தில் இறங்கும்வரை விடவில்லை.

அடுத்து நான் தேடிப் படித்தது பிரேம்சந்தின் 'கோதான்'. இம்முறை தப்பிக்க அன்று. பிரேம்சந்த் மறைந்த அதே 1936ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல் அது. ஹோரி என்னும் ஏழை விவசாயிக்கு வாசலில் ஒரு பசு கட்ட வேண்டுமென்று ஆசை. கடனாகவே வாங்குகிறான். பொறாமையில் சொந்தத் தம்பியே அதற்கு நஞ்சு வைக்கிறான். பிறகு பஞ்சாயத்து அபராதம், மகள்களின் திருமணம், குத்தகை பாக்கி என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கடன் ஏறுகிறது. கடைசியில் கூலிக்கு மண் வேலை செய்யும்போது வெயிலில் சுருண்டு விழுகிறான். சாகும்போது செய்ய வேண்டிய பசு தானத்துக்கு வீட்டில் பசுவில்லை. கயிறு திரித்து விற்றுச் சேர்த்த இருபது அணாவை மனைவி தனியா எடுத்து வைக்கிறாள். ஒன்றேகால் ரூபாய்.

அந்த நாவலிலும் கடன் கொடுப்போர் உண்டு, பலர் உண்டு. ஹோலிப் பண்டிகையன்று கிராமத்து இளைஞர்கள் ஜிங்குரி சிங் என்ற தாக்கூரைக் கேலி செய்து ஒரு கூத்துப் போடுகிறார்கள். பத்து ரூபாய்க்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு தாக்கூர் ஐந்து ரூபாயைக் கொடுக்கிறார். மீதி எங்கே என்றால் காணிக்கை ஒரு ரூபாய், எழுத்துக் கூலி ஒன்று, காகிதம் ஒன்று, தரகு ஒன்று, முன்வட்டி ஒன்று என்று கணக்கு ஒப்பிக்கிறார். விவசாயி அந்த ஐந்தையும் திருப்பி நீட்டுகிறான்: தாக்கூரின் மனைவியர் இருவருக்கும் காணிக்கை தலைக்கு ஒன்று, வெற்றிலைச் செலவு தலைக்கு ஒன்று, மிச்சமுள்ள ஒன்று தாக்கூரின் கருமாதிக்கு!

தனியறையில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், அன்று காலையில் ஒரு வாடிக்கையாளரிடம் பரிசீலனைக் கட்டணம், முத்திரைத்தாள் செலவு, காப்பீட்டுத் தொகை என்று நான் விரல் மடக்கிச் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்களுடையவற்றுக்கு ரசீது உண்டு, விதி உண்டு. ஜிங்குரி சிங்கின் கணக்கோடு ஒப்பிட முடியாது. ஆனால் எதிரே நின்று கேட்டவர் முகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்திருக்குமா? அதைவிட உறுத்திய வேறொன்றும் உண்டு. ஹோரி என் கிளைக்கு வந்திருந்தால் அவன் கோப்பிலும் நான் அதே வாசகத்தைத்தான் எழுதியிருப்பேன். நோக்கத்துக்குப் புறம்பாகச் செலவிட்டவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை அறையிலேயே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் இறங்கி அந்த ஊருக்கு நடந்து போனேன். ஒலியில்லாததால் அவரால் ஒளிய முடியவில்லை. "மேனேஜர் சாஹேப், இன்றைக்குமா?" என்றார். இன்று விடுமுறை, தேநீர் இருந்தால் கொடுங்கள் என்றேன். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

இரண்டாவது கோப்பை தேநீருக்குப் பின்தான் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மோட்டார் சைக்கிளுக்கு வங்கிப் பணம் போதாமல், நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் வெளியிலும் வாங்கியிருக்கிறார். விளைச்சல் பணம் வந்ததும் முதலில் அங்கேதான் கட்டினார். ஏனென்றால் அந்த மனிதர் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார், வங்கி உட்காராது.

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டேன். அறுபதாயிரத்துக்கு வங்கி வட்டி 7 சதவீதம். ஆண்டுக்கு 4,200 ரூபாய். உரிய தேதிக்குள் கட்டினால் அரசு 3 சதவீதத்தைத் தள்ளுகிறது; 2,400தான். அதே அறுபதாயிரத்துக்கு வெளியார் வட்டி ஆண்டுக்கு 36,000 ரூபாய். அவர் வெகுநேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்த ஆண்டின் சலுகை போனது போனதுதான். அதை மீட்டுத் தர எனக்கு அதிகாரமில்லை. அதையும் சொன்னேன்.

அதன்பின் அவர் மாதம் ஒருமுறை கிளைக்கு வந்தார். சில மாதம் ஐந்நூறு, சில மாதம் ஆயிரம். வெறுங்கையோடு வந்து, வர வேண்டுமே என்று வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போன மாதமும் உண்டு. கணக்கு முழுதாகச் சீராவதற்குள் எனக்கு மறு மாறுதல் வந்துவிட்டது.

கோப்பில் எழுதிய குறிப்பை அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், என் பழைய கையெழுத்துக்குக் கீழே அடுத்து வரும் அலுவலருக்காக இன்னொரு குறிப்பு எழுதினேன்: 'மகள் திருமணம் முடிந்துவிட்டது. வெளிக்கடன் பாதிக்கு மேல் அடைந்துள்ளது. மக்காச்சோளம் ஏப்ரலில் அறுவடையாகும். அப்போது நேரில் சென்று பார்க்கவும். வீட்டில் தேநீர் தருவார்.'

கடைசி வாக்கியம் அலுவலகக் குறிப்புக்கு ஏற்றதா என்று சற்று யோசித்தேன். அப்படியே விட்டுவிட்டுக் கோப்பை மூடினேன்.