கையெழுத்துப் போட யார் வருவார்கள்?

சிறார் நீதி – 6

சென்ற வாரம் 1920ஆம் ஆண்டின் சென்னை சிறுவர் சட்டத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்தியாவில் அதுதான் முதல். வங்காளத்துக்கு 1922, பம்பாய்க்கு 1924. இந்த வாரம் திருச்சி.

காந்தி மார்க்கெட்டை ஒட்டிய கீழப்புலிவார்டு ரோட்டில், லாரிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது அரசினர் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடியும்வரை பையன்களை வைத்திருக்கும் இடம், அவ்வளவுதான். குற்றம் செய்ததாக முடிவானவர்களை அனுப்பும் சிறப்பு இல்லம் வேறு.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஒரு அமாவாசை என்று வைத்துக்கொள்வோம். தர்ப்பணம் கொடுக்கிற அவசரத்தில் ஒருவர் வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டுப் படித்துறையில் இறங்குகிறார். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அதைக் கிளப்பிக்கொண்டு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுகிறான். பெட்ரோல் தீர்ந்ததும் ஓரமாகப் போட்டுவிட்டு நடக்கிறான். மாலைக்குள் மாட்டிக்கொள்கிறான்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இது: இதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. ஸ்டேஷன் நாட்குறிப்பில் எழுதினால் போதும். விலங்கு மாட்டக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஆனால் பின்சீட்டில் இருபது வயது 'அண்ணன்' ஒருவன் உட்கார்ந்திருந்தால், பெரியவரோடு சேர்ந்து செய்த குற்றம் என்று எஃப்.ஐ.ஆர். வந்துவிடும்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். கோர்ட் வளாகத்தில் அது உட்காரக் கூடாது. உயரமான மேடை, சாட்சிக் கூண்டு எதுவும் இருக்கக் கூடாது. யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பையன் அன்று ராத்திரி எங்கே தூங்குவான் என்பதை நாற்காலிகளின் உயரம் தீர்மானிப்பதில்லை.

பெரியவர்களுக்குத்தான் ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடக்கூடாத குற்றம் என்ற பாகுபாடு. சிறாருக்கு 12ஆவது பிரிவின்படி ஜாமீன்தான் வழக்கம். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெட்டுப்போகும். என் கணக்கில் இந்த நடுக் காரணம் ரப்பர் மாதிரி. கூட்டிப்போக ஆள் வரவில்லை என்பதையும் 'ஆபத்து' என்று எழுதிவிடலாம்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பையனுக்கு அப்பா, சித்தப்பா, தெரிந்த வக்கீல் என்று மூன்று பேர் வந்து நிற்பார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மகன் என்றால்? அப்பா கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார். ஆனாலும் வரமாட்டார். போலீஸ் தன்னையும் பிடித்து உட்காரவைக்கும் என்ற பயம். ஒரு நாள் கூலி போகும். ஆதார் அட்டை அடகுக் கடையில் இருக்கும். குற்றம் ஒன்றுதான், வண்டியும் ஒன்றுதான். ஒருவன் ராத்திரி வீட்டில் சாப்பிடுகிறான். இன்னொருவன் இல்லத்தில் வரிசையில் நிற்கிறான்.

இந்த இடத்தில் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் ஆள் குறைவு. ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாத பையனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்தி, நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். குடும்ப நிலையை விசாரித்து இரண்டு வாரத்தில் அறிக்கை தர வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். அவர் அந்த மூட்டைக்காரரைத் தேடிப் போனாரா, போனில் கேட்டு எழுதினாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சில நாள்தானே என்று நினைப்பவர்கள் செங்கல்பட்டை நினைத்துக்கொள்ளட்டும். திருட்டுப் புகாரில் அங்குள்ள கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட 17 வயதுப் பையன் 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். அடித்ததாக இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அவனும் விசாரணை முடியக் காத்திருந்தவன்தான்.

சாதாரணத் திருட்டாக எடுத்துக்கொண்டால், வண்டித் திருட்டு சிறு குற்றம். நான்கு மாதம், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதம். அதற்குள் விசாரணை முடியாவிட்டால் வழக்கு தானாகவே ரத்தாகும். பையன் பத்தாம் வகுப்பு என்றால், பரீட்சை அந்த ஆறு மாதத்துக்காகக் காத்திருக்காது.

(அடுத்த வாரம்: 16 வயதைத் தாண்டியவனைப் பெரியவனாக நடத்தலாமா? 15ஆவது பிரிவு)