இரு வகை நூல்

காஞ்சியில் நூல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பட்டு இழையே. கோர்வைச் சேலைக்கு உடலில் ஒரு நாடா ஓடும். கரைக்குத் தனி நாடா வேண்டும். கரை நாடாவை எறியத் தறியருகே ஒரு துணையாள் அமர்வார். அந்த இடத்தில் முன்னாளில் பெரும்பாலும் அமர்ந்தவர்கள் சிறுவர்களே. அவர்கள் கையில் பட்டு நூல் இருந்தது. படிக்கும் நூல் இல்லை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இந்நிலையை மாற்ற வழி வகுத்தன.

எனினும் பாடப்புத்தகம் மட்டும் போதுமா? குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருது வழங்கி வருகிறது. தமிழில் முதல் விருது பெற்றது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' விருது பெற்றது. தகாத தொடுதலை மறைக்காமல் சொல்லப் பிள்ளைகளுக்குத் துணிவூட்டும் கதை அது.

இத்தகைய விழா அரங்குகளில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். எழுதியவரை நேரில் காணும் சிறுமி, தானும் எழுதலாம் என்று உணர்வாள். கட்டத்தாளில் புட்டா வரையப்படுவதைக் கண்டு வளர்ந்த நெசவாளர் மகனுக்கு ஓவியரின் உழைப்பு எளிதில் விளங்கும்.

சிறுவர் தம்மிடம் வருவதைத் தடுத்தவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டார். நாமும் தடையாக இராமல், நம் பங்கு விழாக்களுக்கு ஓர் எழுத்தாளரையும் ஓவியரையும் அழைப்போம். புதுநன்மை நாளில் புத்தாடையோடு ஒரு கதைநூலும் அளிப்போம்.