கோடையில் பயறுவகைத் தீவனங்கள்

கிணற்றில் நீர் வற்றும் காலமும் வெயில் கொளுத்தும் காலமும் ஒன்றாக வருவதே தீவனப் பயிர்களுக்குப் பெரும் சோதனை. மண்ணில் ஈரம் இருந்தால் பயிர் வெயிலை ஓரளவு தாங்கும். இலைத் துளைகள் வழியே நீர் ஆவியாகி இலையைக் குளிர்விக்கும். ஈரம் குறைந்ததும் பயிர் அத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் இலை சூடேறுகிறது, வளர்ச்சி குன்றுகிறது. வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பதும் தளர்ந்துவிடும். அடியிலைகள் உதிரும். புரதம் மிகுதியாக உள்ளது இலையில்தான். எஞ்சும் வெறும் தண்டு கறவை மாட்டுக்கு அவ்வளவாக உதவாது.

தட்டைப்பயறு தன் இலைகளைத் திருப்பி, வெயில் நேரே படாமல் தவிர்க்கும். குதிரைமசாலின் ஆணிவேர் ஆழச் செல்லும். மேலே காய்ந்தாலும் வேரில் சேமித்த சத்தைக் கொண்டு மீண்டும் துளிர்க்கும். வாடிய பயிரை அடிக்கடி ஒட்ட அறுத்தால் அந்தச் சேமிப்பு தீர்ந்து செடி பட்டுப்போகும். ஆகவே இலை உதிரத் தொடங்குமுன் ஒரு முறை அறுத்து, நிழலில் உலர்த்திச் சேமித்துக்கொண்டு, மழையோ பாசனமோ கிடைத்துத் தழைக்கும் வரை விட்டுவைப்பது நல்லது.

கிணற்று நீர் போதாதவர்கள் மானாவாரிக்கு ஏற்ற முயல்மசாலைப் பருவமழையில் விதைக்கலாம். இதன் கெட்டியான விதைத்தோல் நீரை எளிதில் உள்ளே விடாது. விதையை 80 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, பின் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். ஏக்கருக்கு வரிசை விதைப்பானால் சுமார் இரண்டரை கிலோ, தூவுவதானால் 4 கிலோ விதை போதும். சுமார் 75 நாளில், பூக்கும் தருணத்தில் முதல் அறுவடை செய்யலாம்.