லைசன்ஸ் இருக்கிறது என்கிறார்கள்; எதற்கான லைசன்ஸ் என்று கேட்டோமா?

எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் காணி எடுக்கலாமா, வில்லா எடுக்கலாமா, ஹோட்டல் அறையில் பங்கு போடலாமா என்று என்னிடம் கேட்பவர்களின் தொகை சில வருடங்களாகக் கூடிக்கொண்டே வருகிறது. கேட்பவர்களில் அதிகமானோர் எம்மவர்கள். கட்டாரிலும் குவைத்திலும் உழைத்த பணத்தை ஊரில் எங்காவது போட நினைப்பவர்கள், பிள்ளையின் கலியாணத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பவர்கள், வட்டி வேண்டாம் என்று வங்கியை விட்டு ஒதுங்கி நிற்பவர்கள். பதுளையில் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்தவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் உறுதி, வரைபடம், அனுமதிக் கடிதம் என்று எது எதற்கு உதவும் என்பதை அந்த மேசையில் இருந்து கற்றிருக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "நானா, கம்பனி பதிவு செய்ததுதான். லைசன்ஸ் எல்லாம் இருக்கு, காட்டினாங்க."

இங்குதான் விடயம் இருக்கிறது. எமது நாட்டில் காணி, கட்டிடம், சுற்றுலா, பணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு அனுமதியும் ஒரு வேலையை மட்டும் செய்யும். கம்பனிப் பதிவாளரின் சான்றிதழ், அப்படி ஒரு கம்பனி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அந்தக் கம்பனிக்குக் காணி சொந்தம் என்றோ, உங்கள் பணத்தை வாங்க அதற்கு உரிமை உண்டு என்றோ சொல்லாது. ஒரு கடதாசியைக் காட்டி இன்னொன்றின் இடத்தை நிரப்பும்போதுதான் எம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலில், எதை வாங்குகிறீர்கள்?

மலைநாட்டில் விளம்பரம் செய்யப்படுபவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, தோட்டக் காணியை வெட்டி விற்கும் துண்டு. இரண்டு, கட்டிடத்தில் ஒரு வீடு அல்லது அறை. மூன்று, வருடத்தில் சில நாட்கள் தங்கும் உரிமை. இதை வெளிநாடுகளில் டைம் ஷெயார் என்பார்கள். இந்த மூன்றாவதோடு "நீங்கள் வராத நாட்களுக்கு இலாபம் தருவோம்" என்ற வாக்குறுதியும் சேர்ந்து வரலாம். மூன்றுக்கும் பார்க்க வேண்டிய அனுமதிகள் வேறு வேறு.

தோட்டக் காணித் துண்டு

ஊவாவில் தோட்டக் காணி என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே வகையானதல்ல. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டது. 1975 இல் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிர்வாகமும் குத்தகையும்தான் கைமாறின. காணி இன்னும் அரசுடையது. குத்தகைக்காரர் சொந்தக்காரரைப் போல் உங்களுக்கு அறுதி உறுதி எழுதித் தர முடியாது.

இரண்டாவது வகை, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளும் ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அளிப்புக் காணிகளும். இவற்றைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்த விற்பனை செல்லாது. "பேப்பரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால், வாங்குபவர் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

மூன்றாவது வகைதான் உண்மையான தனியார் தோட்டம். அதையும் நினைத்தபடி துண்டு போட முடியாது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கட்டுப்படுத்த 1958 இலேயே சட்டம் வந்தது. 2005 இல் தென்னந்தோட்டங்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. அந்தச் சட்டத்துக்குள் வரும் தோட்டத்தைப் பிரித்து விற்க அதற்கென்றுள்ள சபையின் அனுமதி தேவை. அதற்கு மேல், துண்டுகளைக் காட்டும் வரைபடத்துக்குப் பிரதேச சபையின் அல்லது நகர சபையின் அங்கீகாரம் வேண்டும். அளவையாளரின் கையெழுத்து மட்டும் உள்ள வரைபடத்தைக் காட்டி "பிளேன் பாஸ்" என்று சொல்வார்கள். உரிமம் பெற்ற அளவையாளர் காணியை அளந்திருக்கிறார் என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து சாட்சி. சபையின் அங்கீகாரம் வேறு முத்திரை, வேறு திகதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விற்கப்படும் காணியில் லயன் அறைகள் இருந்தால், அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் யார், எந்த அடிப்படையில் இருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். பல தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தும் ஒரு துண்டுக் காணிக்கு உறுதி இல்லாதவர்கள் அவர்கள். "அவர்களை நாங்கள் எழுப்பித் தருகிறோம்" என்ற வாக்குறுதியோடு வரும் காணி, வழக்கோடு வரும் காணி. இன்னொரு குடும்பத்தின் கண்ணீரோடும் வரும் காணி.

மண் உறுதியா?

பதுளை மாவட்டத்தில் இது மற்றெல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் மோசமாகப் பாதிக்கப்பட்டது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிடம் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டும் என்ற நடைமுறை 2011 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பதுளையும் அந்த மாவட்டங்களில் ஒன்று. காணித் துண்டை வாங்கிவிட்டு, பிறகு அறிக்கைக்குப் போய், "இங்கு கட்ட முடியாது" என்று பதில் வந்தால் உங்கள் உறுதி சரியானதாகவே இருக்கும். வீடு மட்டும் வராது. விற்பவரிடம் அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். அதில் உள்ள துண்டு இலக்கம் உங்கள் துண்டினுடையதா, எத்தனை மாடிக்கு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பக்கத்துத் துண்டுக்குக் கிடைத்த அறிக்கை உங்களுக்கு உதவாது. பள்ளத்தாக்குக் காட்சிக்காகச் சரிவின் ஓரத்தில் கட்டும் இடங்களில் இதை இரண்டு தடவை பாருங்கள்.

கட்டிடத்தில் ஒரு வீடு

மாடிக் கட்டிடத்தில் ஒரு வீட்டுக்குத் தனி உறுதி கிடைக்க வழி உண்டு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் அதற்காகத்தான் வந்தது. கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால், ஒவ்வொரு வீடும் தனித் துண்டாகக் கருதப்பட்டு உறுதி எழுதலாம். பொதுவான படிக்கட்டு, தண்ணீர், வழி ஆகியவற்றில் உங்களுக்கும் பங்கு உண்டு. அந்த வரைபடம் பதியப்படவில்லை என்றால், உங்களிடம் இருப்பது வாக்குறுதி மட்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்ட உறவினர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடை செய்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. லண்டனில் இருக்கும் மச்சான் பணம் அனுப்புவதற்கு முன், தன் பிரஜாவுரிமை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கட்டும்.

வருடத்தில் ஒரு வாரம், மாதம் மாதம் இலாபம்

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். டைம் ஷெயார் வகைத் திட்டத்தில் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் அழகான ஒரு சான்றிதழும் ஒரு பற்றுச்சீட்டும்தான்.

எமது நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காணியை விற்பதும், விற்பதாக ஒப்பந்தம் செய்வதும், காணியில் ஓர் உரித்தை ஏற்படுத்துவதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பது அதன் சாரம். ஒரு மாதத்துக்கு மேற்படாத சிறு வாடகைக்குத்தான் விலக்கு. ஆகவே அச்சடித்த சான்றிதழால் அந்த ஹோட்டல் காணியில் உங்களுக்கு எந்த உரித்தும் உண்டாகாது. கம்பனி கடனில் மூழ்கி வங்கி அந்தக் காணியை எடுத்தால், சான்றிதழோடு நீங்கள் வெளியே நிற்பீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைக்கவும் எமது மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது நாம் அறிந்ததே. சட்டமும் அதையே கேட்கிறது.

"கம்பனியின் பங்கு தருகிறோம்" என்று சொன்னால், 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தைப் பாருங்கள். தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. பங்குதாரர் தொகையும் 50 க்கு மேல் போக முடியாது. முகநூலில் எல்லோருக்கும் பங்கு என்று விளம்பரம் செய்யும் கம்பனியின் பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிட்டட்" என்று இருந்தால், அந்த இரண்டு சொற்களே உங்களுக்கு எச்சரிக்கை.

"மூன்று வருடத்தில் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம், அதுவரை மாதம் இவ்வளவு" என்றால், அது வைப்புப் பணம் வாங்குவதாகிவிடலாம். 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித் தொழில் சட்டத்தின்படி மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் வைப்பு வாங்குவது குற்றம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. பார்க்க ஐந்து நிமிடம் போதும். 2008 இல் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி சரிந்தபோது, அது அப்படியான அனுமதி இல்லாமல் வைப்பு வாங்கியது என்பது பலருக்கு அதன் பிறகுதான் விளங்கியது. நிலையான மாத வருமானம் என்று சொல்லும் திட்டத்தில் வட்டி கலந்திருக்கிறதா என்பது உலமாக்களிடம் கேட்க வேண்டிய வேறு கேள்வி. "இது வட்டியில்லாதது" என்ற ஒரு சொல்லை வைத்து, மத்திய வங்கி அனுமதி பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவைக் காட்டுவார்கள். 2005 ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வரும் அந்தப் பதிவு, தங்குமிடமாக நடத்துவதற்கானது. அறையைப் பங்கு பங்காக விற்பதற்கு அது அனுமதியல்ல.

இந்தியாவில் இதே கேள்வி பெரிதாக எழுந்தது. ரோயல் டுவிங்கிள் ஸ்டார் கிளப் என்ற நிறுவனம் விடுமுறைத் திட்டம் என்ற பெயரில் மக்களிடம் பணம் சேர்த்தது. ஹோட்டலில் தங்காவிட்டால் கூடுதல் தொகையோடு பணம் திரும்பும் என்பது திட்டம். 2015 இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, இது பதிவில்லாமல் நடத்தப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. பெயர் விடுமுறை என்றாலும், செபி பார்த்தது பணம் போகும் வழியை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம் ஷெயார் வாங்குபவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களுக்குள் விற்பவர் முற்பணம் வாங்கவும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் விலகுவதற்கு 10 நாட்கள் உண்டு. அந்தச் சட்டங்கள் எமக்குப் பொருந்தாது. ஆனால் அதே நிபந்தனையை எமது ஒப்பந்தத்தில் எழுதும்படி கேட்க யாரும் தடையில்லை. 14 நாள் விலகும் உரிமையை எழுதித் தர மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள்.

எந்த ஒழுங்கில் செய்வது?

முற்பணம் கொடுப்பதற்கு முன்னர்தான் உங்கள் பேச்சுக்கு விலை இருக்கிறது. கொடுத்த பிறகு நீங்கள்தான் அவர்கள் பின்னால் அலைய வேண்டும். ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்.

முதலில், விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசை விட்டு, நீங்களே தெரிவு செய்த நொத்தாரிசிடம் உறுதியின் பிரதியைக் கொடுத்து, காணிப் பதிவகத்தில் 30 வருட உரித்தைத் தேடச் சொல்லுங்கள். ஈடு, வழக்கு, குத்தகை இருந்தால் அங்கு தெரியவரும். இரண்டாவது, பிரதேச சபைக்கு நீங்களே போய், வரைபட இலக்கத்தைச் சொல்லி, அங்கீகரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மூன்றாவது, மண்சரிவு அறிக்கை. நான்காவது, அரச காணியாக இருக்கக்கூடும் என்று சிறு சந்தேகம் வந்தாலும் பிரதேச செயலகம். ஐந்தாவது, இலாபம் என்ற சொல் வந்தால் மத்திய வங்கியின் பட்டியல்.

எல்லாம் சரியாகி உறுதி முடித்தால், அன்றே பதிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதியாத உறுதியை, அதே காணிக்குப் பின்னர் எழுதி முதலில் பதியப்பட்ட இன்னோர் உறுதி முந்திவிடலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம், கம்பனியின் பெயரிலேயே செலுத்துங்கள்.

ஏற்கனவே பணம் கொடுத்துச் சிக்கியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்ய மூன்று மாத எல்லை இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தத்தில் வழக்குப் போட ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்தில் மூன்று வருடம் என்று காலவரையறையும் உண்டு. "அடுத்த மாதம் தருகிறோம்" என்று விற்பவர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று நாம் எத்தனையோ விடயம் பேசுகிறோம். ஊரில் யாராவது மலைநாட்டில் காணியோ பங்கோ எடுக்கப் போவதாகச் சொன்னால், வாழ்த்துவதோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேளுங்கள்: அவர்கள் காட்டிய லைசன்ஸ் எதற்கானது? பதில் தெரியாவிட்டால், முற்பணம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கட்டும்.