பழைய வால்வு வானொலிப் பெட்டியைச் சீர்செய்தல்

பெங்களூர் அல்சூர் ஏரியை அடுத்த தெருக்களில் பழைய ஓட்டு வீடொன்று இடிக்கப்படும்போது, பரணிலிருந்து இறங்கும் பொருள்களுள் ஒரு வானொலிப் பெட்டியும் இருப்பதுண்டு. வீட்டார் ஒரு காலத்தில் சென்னை நிலையத்தையும் இலங்கை வானொலியையும் கேட்டு மகிழ்ந்த பெட்டி அது. தூசியைத் தட்டிவிட்டு, பாடுகிறதா பார்ப்போம் என்று உடனே மின்சாரத்தில் இணைக்கும் ஆவல் எவருக்கும் எழும். அவ்வாறு இணைத்தலே அப்பெட்டிக்கு நாம் செய்யக்கூடிய பெருந்தீங்கு. பல்லாண்டுகள் உறங்கிய பெட்டி, இணைத்த சில நிமிடங்களுக்குள் தன் மின்மாற்றியையோ, ஒலிபெருக்கியை இயக்கும் வெளியீட்டு வால்வையோ இழந்துவிடலாம். அதனினும் கொடியது, பெட்டியைத் தொட்டவரின் உயிருக்கே தீங்கு நேரக்கூடும் என்பது.

இவ்வூருக்கும் வால்வுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954இல் நிறுவப்பட்டது. ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் வானொலி வால்வுகளை ஆக்கத் தொடங்கியது. ஆயினும் மறு ஆண்டிலேயே அங்குக் குறைகடத்திப் பொருள்களின் ஆக்கமும் தொடங்கிவிட்டது. டிரான்சிஸ்டர் வால்வை வெல்ல நெடுங்காலம் ஆகவில்லை. அல்சூரை ஒட்டிய மர்பி டவுனுக்கு அப்பெயர் வந்தது மர்பி வானொலியால் என்று எண்ணுவோர் உளர், அது தவறு. கண்டோன்மெண்டில் பொறியாளராக இருந்த மர்பி என்பவரின் பெயரே அப்பகுதிக்கு இடப்பட்டது.

பெட்டியின் பின் அட்டையைக் கழற்றியதும் முதலில் காண வேண்டியது வால்வுகளின் மேல் பொறித்துள்ள எழுத்துகளை. ஐரோப்பிய முறையில் பெயரிடப்பட்ட வால்வாயின் முதல் எழுத்து மிக முக்கியமானது. ஈ.சி.எச். 81, ஈ.எல். 84 என்றாற்போல் 'ஈ' என்று தொடங்கினால், அவ்வால்வின் சூடேற்றும் இழை 6.3 வோல்ட்டில் எரிவது என்று பொருள். அத்தகைய பெட்டியில் பெரும்பாலும் மின்மாற்றி இருக்கும். 'யூ' என்று தொடங்கினாலோ, இழைகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டு, 0.1 ஆம்பியர் மின்னோட்டத்தில் எரிபவை. யூ.சி.எச். 81, யூ.பி.எஃப். 89, யூ.சி.எல். 82, யூ.ஒய். 85 ஆகிய நான்கும் முறையே 19, 19, 50, 38 வோல்ட் கொள்வன. ஆக 126 வோல்ட். 230 வோல்ட்டில் எஞ்சியதை ஏறத்தாழ 1000 ஓம் மின்தடை ஒன்று ஏற்று வெப்பமாக்கிவிடும். கோயில் திருவிழாவின் சரவிளக்குப் போல, ஓர் இழை அறுந்தால் அனைத்தும் அணைந்துவிடும்.

கல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் நெடுங்காலம் நேர்திசை மின்னோட்டமே வழங்கப்பட்டது. அதில் மின்மாற்றி இயங்காது. ஆகவே இருவகை மின்னோட்டத்திலும் பாடும் 'யூ' வகைப் பெட்டிகள் நம் நாட்டில் விற்பனையாயின. இவற்றில் சேசிஸ் எனப்படும் உலோகத் தட்டு மின் இணைப்பின் ஒரு கம்பியோடு நேரே சேர்ந்துள்ளது. செருகியைத் திருப்பிச் செருகினால் அத்தட்டு முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். திருகுமரையின் மேல் உள்ள குமிழ் கழன்றிருந்தால் அந்த உலோக முனையே கொல்லும். வான்கம்பியைப் பிரித்து வைக்கும் சிறு மின்தேக்கி பழுதுற்றிருந்தால், மாடியில் கட்டிய வான்கம்பியிலும் மின்சாரம் பாயும். இவ்வகைப் பெட்டியைப் பிரிப்பு மின்மாற்றி வழியாகவன்றித் திறந்து வைத்துச் சோதித்தல் கூடாது. பயிற்சியில்லாதவர் இதனைத் தொடாதிருத்தலே நன்று.

தூய்மை செய்தலைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. மென்மையான தூரிகை போதும். எலி கூடு கட்டியிருந்தால் அதன் சிறுநீர் தட்டை அரித்திருக்கும். கையுறை அணிந்து நீக்குக. நிலையங்களின் பெயர் எழுதிய கண்ணாடியை மட்டும் ஈரத் துணியால் துடைக்கலாகாது. அவ்வெழுத்துகள் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டவை. ஒரே துடைப்பில் ஊரெல்லாம் அழிந்துபோம்.

இனி நோயின் மூலத்திற்கு வருவோம். பழைய பெட்டியில் வால்வுகளே கெட்டிருக்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவை பெரும்பாலும் நலமாகவே இருக்கும், கெட்டிருப்பவை மின்தேக்கிகள். அக்காலத்து மின்தேக்கி, இரு உலோகத் தாள்களுக்கு இடையே மெழுகிட்ட காகிதத்தை வைத்துச் சுருட்டியது. ஆண்டுதோறும் மழைமாதங்களின் ஈரத்தைக் காகிதம் சிறிது சிறிதாக உறிஞ்சுகின்றது. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய காகிதம் அதனைக் கசிய விடுகின்றது.

சிறு கசிவு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். வால்வில், சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன. இடையில் உள்ள கிரிட் என்னும் கம்பிச்சுருள், சற்றே எதிர்மின் அழுத்தத்தில் நின்று அவ்வோட்டத்தை அடக்கி ஆள்கின்றது. ஈ.எல். 84 வால்வில் இந்த அடக்குமுறை சுமார் 7 வோல்ட். முந்தைய வால்வின் நேர்மின்வாயில் 100 வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். ஒலி அலையை மட்டும் கடத்தி, அந்த 100 வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவது இடையில் உள்ள ஒற்றை மின்தேக்கி. அதன் தடை 10 மெகாஓமாகக் குறைந்து, கிரிட்டின் மின்தடை அரை மெகாஓமாக இருப்பின், கிரிட்டில் ஏறத்தாழ 4.8 வோல்ட் நேர்மின் அழுத்தம் வந்து சேரும். அடக்குமுறையின் பெரும்பகுதி தொலைந்தது. எலெக்ட்ரான்கள் வெள்ளமெனப் பாய, நேர்மின்வாய்த் தகடு செந்நிறமாகக் காய்கின்றது. வெளியீட்டு மின்மாற்றியும் கருகுகின்றது. சில ரூபாய் விலையுள்ள ஒரு பொருளால், இன்று எளிதிற் கிடைக்காத இரு பொருள்கள் அழிகின்றன. ஆதலின் வேறெதனை விடுத்தாலும் இந்த ஒன்றை, மின்சாரம் காட்டுமுன் மாற்றியே ஆக வேண்டும். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் ஏட்டு மின்தேக்கி கிடைக்கும். அபிரகத்தாலும் பீங்கானாலும் ஆனவை பொதுவாகக் கெடுவதில்லை, அவற்றை விட்டுவிடலாம்.

மின்னழுத்தத்தைச் சமன் செய்யும் பெரிய அலுமினிய மின்தேக்கியின் கதை வேறு. அதனுள் மின்தடுப்பாக இருப்பது அலுமினிய ஆக்சைடின் மெல்லிய படலம். பயனின்றிக் கிடந்தால் அப்படலம் நலிகின்றது. திடீரென்று 300 வோல்ட்டைச் செலுத்தினால் அது நேர்க்குறுக்காகி, திருத்தி வால்வையும் மின்மாற்றியையும் எரித்துவிடும். உயர்ந்த மின்தடை வழியாகப் பல மணி நேரம் சிறுகச் சிறுக மின்னழுத்தம் ஊட்டிப் படலத்தை மீண்டும் வளர்க்க முடியும். அது பொறுமையுள்ளோர் செயல். ஆயினும் நாள்தோறும் கேட்க விரும்புவோர் புதியது பூட்டுதலே தக்கது என்பது எம் கருத்து. அப்போது பழையதன் இணைப்பை அறுத்துவிட வேண்டும். அதன் மேலேயே புதியதைச் சேர்த்தால் கசிவு தொடரும். இம்மின்தேக்கிகள், பெட்டியை அணைத்த பின்னும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். தக்க மின்தடையொன்றின் வழியாக அதனை இறக்கிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

இத்தனையும் முடித்த பின், மின்மாற்றியுள்ள பெட்டியைத் தொடர் விளக்கு வழியாக இணைக்கலாம். 60 வாட் இழை விளக்கு ஒன்றைப் பெட்டியோடு தொடரில் பூட்ட வேண்டும், எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. முதலில் ஈ.இசட். 80 போன்ற திருத்தி வால்வைப் பிடுங்கிவிட்டு இணைத்தால், உயர் மின்னழுத்தம் இன்றி இழைகள் மட்டும் ஒளிரும். தொடர் விளக்கு மங்கலாக நின்றால் மின்மாற்றி நலம். பளிச்சென எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச் சுற்று உளது என அறிந்து உடனே அணைக்க. பின்பு திருத்தி வால்வைப் பொருத்தி மீண்டும் பார்க்கலாம்.

ஒலி வந்ததும், சிறு உலோகக் கூடுகளின் உச்சியில் காணும் திருகுகளைத் திருகிப் பார்க்கும் ஆசை பிறக்கும். அதற்கு இடம் கொடுத்தல் ஆகாது. பெங்களூர் நிலையம் மத்திய அலையில் நெடுங்காலம் ஒலித்த 612 கிலோஹெர்ட்சைக் கேட்க, பெட்டி தன்னுள் 1067 கிலோஹெர்ட்சில் ஓர் அலையை உண்டாக்கி, இரண்டின் வேறுபாடாகிய 455ஐயே பெருக்குகின்றது. அக்கூடுகள் இந்த இடை அதிர்வெண்ணுக்கு ஆலையில் இசைவிக்கப்பட்டவை. அளவுக் கருவியின்றித் திருகியவர், கேட்ட நிலையத்தையும் இழப்பர்.

பெட்டி முற்றும் சீரான பின்னும் இரைச்சல் மிகுந்திருந்தால், பழியை அதன்மேல் போடுமுன் வீட்டில் உள்ள கைப்பேசி மின்னேற்றிகளையும் எல்.இ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க. மத்திய அலையில் இரைச்சலை விதைப்பவை பெரும்பாலும் இவையே. மாலை மங்கிய பின், சில மீட்டர் நீளமுள்ள வான்கம்பியை மின்கம்பிகளுக்கு அப்பால் மொட்டைமாடியில் கட்டி, முள்ளை மெல்ல நகர்த்தினால், தொலைதூர நிலையங்கள் ஒன்றிரண்டேனும் செவிக்கு எட்டும்.