அலமாரியில் சாகும் கல்யாண கேசட்டுகள்! போட்டுப் பார்க்க டெக் இல்லை!

காரைக்குடி,

முகப்பு, வளவு தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனால் ஒரு மர அலமாரி. திறந்ததும் அந்துருண்டை வாடை. பட்டுச் சேலைகளுக்கு அடியில் கறுப்புக் கறுப்பாக ஏழெட்டு வீடியோ கேசட்டுகள். மேலே பால்பாயிண்ட் பேனாவில், "பெரியவன் கல்யாணம் - 1986".

அந்த கேசட்டுக்குள் ஐயா உயிரோடு இருக்கிறார். வாசலில் நின்று கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்கிறார். அப்பத்தா சீர் சாமான்களை எண்ணுகிறார்.

ஆனால், போட்டுப் பார்க்க டெக் இல்லை!

செட்டிநாட்டில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. இது பற்றிய விவரம் வருமாறு:-

டெக்குக்கு வந்த யோகம்

வி.எச்.எஸ். கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் கொண்டு வந்தது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டுக்குக் கலர் டி.வி. வந்தது. அப்புறம் டெக்குக்குப் பிடித்தது யோகம்! சிங்கப்பூர், மலேசியாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்கள் ஊர் திரும்பும்போது டெக்கும் கூடவே வந்தது. இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வீடியோ எடுக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் சுருங்கும் காலம் அது.

பிறகு சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது. டெக் பரணுக்குப் போனது. உலகத்திலேயே கடைசிவரை டெக் செய்து கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டிவிட்டது. இன்று கையில் இருப்பதெல்லாம் பழைய டெக்குகள்தான். ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள்.

கொலையாளி யார்?

3 மணி நேர கேசட்டுக்குள் சுமார் 250 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. அகலம் அரை அங்குலம். பிளாஸ்டிக் நாடா மேல் காந்தத் தூளைப் பசை போட்டு ஒட்டியதுதான் இந்தச் சமாச்சாரம். வெயிலில் பசை கெடும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னலில் எட்டிப் பாருங்கள். நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர் மாதிரி தெரிந்தால், அதுதான் ஆசாமி!

ஆர்வக் கோளாறில் அதை அப்படியே டெக்கில் தள்ளினால் ஆபத்து. பூஞ்சை டெக்கின் 'ஹெட்'டில் ஒட்டிக் கொள்ளும். அடுத்து நுழையும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அதுவும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு.

அவசரம் நடக்காது

வேலை என்னவோ சுலபம்தான். டெக்கின் பின்னால் மஞ்சள் ஒயரில் படம் வரும், வெள்ளை ஒயரில் சத்தம் வரும். ஸ்டீரியோ டெக்காக இருந்தால் கூடவே சிவப்பும் இருக்கும். இந்த ஒயர்களை ஒரு சின்ன 'கேப்சர்' பெட்டியில் சொருகி, பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினால், நாடாவில் உள்ளது ஃபைலாகப் பதியும். அதை டி.வி.டி.யில் ஏற்றலாம்.

ஆனால் 3 மணி நேர கேசட் பதிய 3 மணி நேரம் ஆகியே தீரும். குறுக்கு வழி கிடையாது. "பத்து கேசட்டையும் சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன்" என்று ஒரே டெக்கை வைத்துக் கொண்டு யாராவது சொன்னால் உஷார்! சாதாரண 4.7 ஜி.பி. டி.வி.டி.யில் நல்ல தரத்தில் 2 மணி நேரம்தான் பிடிக்கும். 3 மணி நேரத்தையும் ஒரே தட்டில் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

இன்னொரு கூத்து. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்பு முதல் திருப்பூட்டு வரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பினார்கள். இதய வடிவத்துக்குள் மணமக்களைச் சுழல விட்டார்கள். ஐயாவின் குரல் பாட்டுக்கு அடியில் போயே போச்சு! எடிட் செய்யாத 'ரஃப்' கேசட் எங்காவது கிடந்தால் முதலில் அதைப் பதியுங்கள். குரல் இருப்பது அதில்தான்.

கோட்டையூர்க்காரர் படம் என்ன ஆச்சு?

ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே சாட்சி உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் சுமார் 1 லட்சம் மைல் சுற்றி, 50 ஆயிரம் அடி ஃபிலிம் சேர்த்து, காந்தி பற்றி டாக்குமெண்டரிப் படம் எடுத்தார். 1940-ல் தமிழில் வெளியிட்டார். அடேயப்பா, என்ன உழைப்பு! அந்தத் தமிழ்ப் படம் பிற்காலத்தில் தேடியும் அகப்படவில்லை. அமெரிக்காவில் 1953-ல் வந்த ஆங்கிலப் பதிப்பின் பிரதி ஒன்றைத்தான் ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டுபிடித்தார். கடல் தாண்டிப் போன காப்பிதான் பிழைத்தது!

டி.வி.டி.யை மட்டும் நம்புவதும் வம்பு. இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் தட்டுப் போடும் இடமே இல்லை. தட்டிலும் கீறல் விழும். ஆகவே ஃபைலையும் ஹார்டு டிஸ்கில் கேட்டு வாங்குங்கள். இன்னொரு காப்பியை சிங்கப்பூரிலோ சென்னையிலோ உள்ள மகன் வீட்டுக்கு அனுப்பி விடலாம்.

பழைய கேசட்டை உடனே காயலான் கடைக்குப் போட வேண்டாம். பதிந்ததை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாதியில் உதட்டசைவும் சத்தமும் ஒட்டாமல் போயிருந்தால், மறுபடி பதிய அந்த கேசட்தான் வேண்டும்.