பெயரை அழித்தார்கள்... கட்டடங்கள் காட்டிக்கொடுத்தன! யார் இந்த எகிப்து ராணி ஹட்செப்சுட்?

எகிப்தின் அபைடோஸ் நகரில் ஒரு பழமையான கோயில் இருக்கிறது. அதன் சுவரில் எகிப்தை ஆண்ட அரசர்களின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால், சுமார் 20 ஆண்டுகள் நாட்டை ஆண்ட ஹட்செப்சுட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை!

பல இடங்களில் அவரது பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். சிலைகளை உடைத்துக் குழியில் போட்டார்கள். அப்படியிருந்தும் இன்று உலகமே அவரைப் பற்றிப் பேசுகிறது என்றால், அதற்குக் காரணம் அவர் கட்டிவிட்டுப் போன கட்டடங்கள்தான்.

யார் இந்த ஹட்செப்சுட்?

முதலாம் துட்மோஸ் மன்னரின் மகள். இரண்டாம் துட்மோஸின் மனைவி. கணவர் இறந்தபோது, பட்டத்துக்கு உரிய மூன்றாம் துட்மோஸ் சிறுவன். அவன் ஹட்செப்சுட்டின் சொந்த மகன் அல்ல. கணவரின் இன்னொரு மனைவிக்குப் பிறந்தவன்.

முதலில் அந்தச் சிறுவனுக்காக ஆட்சியைக் கவனித்துக்கொண்ட ஹட்செப்சுட், சில ஆண்டுகளில் தானே 'பாரோ' என்று முடிசூடிக்கொண்டார். கி.மு. 1479 முதல் 1458 வரை அவரது காலம் என்று கணக்கிடப்படுகிறது. சிலைகளில் அரசர்களுக்கே உரிய பொய்த்தாடியோடு காட்சி தருகிறார்.

ஒரு பெண் பாரோவாக இருப்பது அபூர்வம். தன் ஆட்சி கடவுளின் விருப்பம் என்று ஊருக்குக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் கையில் எடுத்த ஆயுதம்தான் கட்டடக் கலை.

மலையடிவாரத்தில் மூன்றடுக்குக் கோயில்

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் இருக்கிறது டெய்ர் எல்-பஹ்ரி. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையை ஒட்டி, மூன்று அடுக்குகளாக எழுந்து நிற்கிறது அவரது நினைவுக் கோயில். பக்கத்திலேயே, அதைவிட சுமார் 500 ஆண்டுகள் மூத்த மென்டுஹோடெப் மன்னரின் கோயிலும் உண்டு. அதன் அமைப்பைப் பார்த்து, இன்னும் பெரிதாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். இந்தப் பணியில் ராணியின் நம்பிக்கைக்குரிய அதிகாரி செனன்முட்டுக்கு முக்கியப் பங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது.

சுவர்ச் சிற்பங்கள் ராணியின் வரலாற்றைச் சொல்கின்றன. 'அமுன் கடவுளே என் தந்தை' என்று சொல்லும் பிறப்புக் கதை ஒரு பக்கம். செங்கடல் வழியாகப் 'புன்ட்' நாட்டுக்குக் கப்பல் அனுப்பி, வாசனைப் பிசின் தரும் மரங்களை வேரோடு கொண்டுவந்த கதை இன்னொரு பக்கம்.

7 மாதத்தில் ஒற்றைக்கல் தூண்

லக்சரின் கர்னாக் கோயிலில் அவர் நிறுத்திய 'ஒபிலிஸ்க்' தூண்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. உயரம் சுமார் 29 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 மாடிக் கட்டடம் அளவுக்கு! எடை 300 டன்னுக்கும் மேல். மொத்தமும் ஒரே கருங்கல்.

அஸ்வான் குவாரியில் இந்த வேலை 7 மாதங்களில் முடிந்ததாக அதன் அடிப்பீடக் கல்வெட்டு சொல்கிறது. இரும்பு உளி புழக்கத்தில் இல்லாத காலம் அது. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்தே பாறையைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு நைல் நதியில் பெரிய படகில் ஏற்றி வந்தார்கள்.

யார் அழித்தார்கள்? ஏன்?

ஹட்செப்சுட் இறந்த பிறகு மூன்றாம் துட்மோஸ் தனியாக ஆண்டார். அவரது ஆட்சியின் பிற்பகுதியில்தான் பெயர் அழிப்பு தீவிரமானது. பழிவாங்கல் என்றால் 20 ஆண்டுகள் ஏன் காத்திருக்க வேண்டும்? தன் மகனுக்கு அரியணைப் போட்டி வரக்கூடாது என்ற அரசியல் கணக்கு இது என்கிறார்கள் பல ஆய்வாளர்கள். சிலைகள் எல்லாம் கோபத்தில் உடைக்கப்பட்டவை அல்ல. பலவும் அவற்றின் 'சக்தியை' நீக்கும் சடங்காக உடைக்கப்பட்டிருக்கலாம் என 2025ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

மறைத்ததே காப்பாற்றியது!

இங்கேதான் ட்விஸ்ட். கர்னாக் தூண்களைச் சுற்றி மூன்றாம் துட்மோஸ் சுவர் எழுப்பினார். ராணியின் பெயரை மறைக்கவா, அல்லது மண்டபத்தைத் திருத்திக் கட்டும் வேலையா என்பதில் இரு கருத்துகள் உண்டு. எப்படியோ, சுவருக்குள் இருந்த எழுத்துகள் பத்திரமாகத் தப்பின!

அவர் கட்டிய 'சிவப்பு ஆலயத்தின்' கதையும் இப்படித்தான். அதைப் பிரித்து, கற்களைப் பிற்கால மன்னர்கள் வேறு கட்டுமானங்களுக்குள் போட்டு மூடினார்கள். சுமார் 300 கற்கள் மீட்கப்பட்டு, அந்த ஆலயம் இப்போது கர்னாக்கின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடியும் எழுந்து நிற்கிறது.

டெய்ர் எல்-பஹ்ரி அருகே குழிகளில் கிடந்த சிலைத் துண்டுகளை 1920களில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகக் குழு தோண்டி எடுத்து ஒட்டவைத்தது. கோயிலைச் சீரமைக்கும் பணியில் 1961 முதல் போலந்து நிபுணர்களும் ஈடுபட்டு வருகிறார்கள்.

அபைடோஸ் பட்டியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால், லக்சருக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிற இடங்களில் ஒன்று, அவர் கட்டிய கோயில்தான்!